மறு வால்வு அறுவை: சிறு கீறல் எல்லோருக்கும் பொருந்தாது

"இரண்டாம் முறை இதய வால்வு அறுவைக்குச் சிறு கீறலே எப்போதும் பாதுகாப்பானது, நெஞ்செலும்பைத் திறப்பது காலாவதியான முறை" என்று சொல்லப்படுவது சரியல்ல. இதை நம்பி யாரேனும் தமக்குத் தேவையான சிகிச்சையை மறுத்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

முதல் அறுவைக்குப் பின் இதயம் சுற்றுத் திசுக்களோடு ஒட்டிக்கொள்கிறது. வலது கீழறையோ முன்பு பைபாஸ் அறுவையில் (அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டி இரத்தம் செல்ல மாற்றுவழி அமைப்பது) பொருத்திய குழாயோ நெஞ்செலும்பின் பின்புறம் ஒட்டியிருந்தால், எலும்பை அறுக்கும் ரம்பம் அதைக் கிழித்துவிடக்கூடும். மைட்ரல் வால்வை (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளது) வலப்பக்க விலா இடைவெளியில் சிறு கீறலிட்டு அணுகுவது இந்த ஆபத்தைப் பெரிதும் தவிர்க்கிறது என்பது உண்மையே. ஆனால் அப்போதும், அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும். அதன் குழாய்கள் பெரும்பாலும் தொடை வழியாகச் செலுத்தப்படுவதால், தொடைத் தமனியில் கடுமையான அடைப்புள்ளவர்களுக்கு இம்முறை பொருந்தாமல் போகலாம். பெருந்தமனி வால்வில் கசிவு மிகுந்தவர்களுக்கும், வலது நுரையீரல் மார்புச் சுவரோடு இறுக ஒட்டியிருப்பவர்களுக்கும்கூட இது பொருந்தாமல் போகலாம். பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தால் பெரும்பாலும் நெஞ்செலும்பைத்தான் திறக்கிறார்கள்.

ஒப்பீட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்ப்பவை. சிக்கல் குறைந்தவர்களே சிறு கீறலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. கீறலின் அளவைவிட, அறுவைக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் எலும்புக்கும் இதயத்துக்கும் இடையே தெரியும் இடைவெளியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.