டேஷ்போர்டுச் சுரைக்காய்

ஒரு காலாண்டில் எங்கள் கம்பெனியின் உமிழ்வைக் காட்டும் டேஷ்போர்டில் கார்பன் 8 சதவீதம் இறங்கியிருந்தது. மீட்டிங்கில் ஒரே கைதட்டல். அப்புறம் உள்ளே போய்த் தோண்டினால், பர்ச்சேஸ் ஆட்கள் பேரம் பேசி விலையைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வாங்கிய இரும்பு அதே எடை, உருக்கிய உலையும் அதே உலை.

சப்ளையர் தரப்பு உமிழ்வெல்லாம் ஸ்கோப் 3இல் வரும், அதாவது சப்ளையர், போக்குவரத்து என்று கம்பெனிக்கு வெளியே உண்டாகும் உமிழ்வின் கணக்கில். அதைக் கணக்கிடச் சுலபமான வழி, செலவழித்த தொகையை, ரூபாய்க்கு இவ்வளவு உமிழ்வு என்ற ஒரு சராசரி எண்ணால் பெருக்கிவிடுவது. ஸ்கோப் 3ஐ 15 வகையாகப் பிரித்த ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற உலகளாவிய உமிழ்வுக் கணக்கு விதிமுறையும் இந்த முறையை ஏற்கிறது. எந்தப் பக்கம் சுமை அதிகம் என்று முதல் தடவை பார்க்க இது போதும்தான். ஆனால் முன்னேற்றத்தையும் இதை வைத்தே அளந்தால் கூத்து. மறுசுழற்சி அலுமினியத்துக்குத் தாதுவிலிருந்து எடுப்பதைவிடச் சுமார் 95 சதவீதம் குறைவான ஆற்றல் போதும். அதைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பாருங்கள், டேஷ்போர்டில் கார்பன் ஏறும்!

அதனால்தான் பணக் கணக்கை விட்டு எடைக் கணக்குக்கு வாருங்கள் என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனை டன், எந்தச் சப்ளையர், எதில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியும் இரும்பு, அலுமினியத்துக்கு டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்றுதான் கேட்கிறது. என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்பதில்லை.

இதற்குப் புது மென்பொருள் வாங்கச் சொல்லவில்லை. கொள்முதல், இருப்புக் கணக்கெல்லாம் இருக்கும் இஆர்பி மென்பொருளில் கிடப்பதே ஏராளம். ஒருநாள் பவர் பிஐ என்ற தரவு அலசும் மென்பொருளில், விமானத்தில் வந்த சரக்கை மட்டும் பிரித்தேன். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, பெரிய கன்டெய்னர் கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு கார்பன் விடும். காரணம் எழுதும் கட்டத்தில் வரிசையாக 'அவசரம்', 'அவசரம்', 'மிக அவசரம்'. பாதிக்குமேல் ஒரே பாகம், ஒரு சாதாரண வார்ப்பு மூடி. இதற்கென்ன ஒவ்வொரு மாதமும் அவசரம்?

பாகங்களின் அடிப்படை விவரம் இருக்கும் மாஸ்டரைத் திறந்தால் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டுச் சரக்கு வந்துசேர ஆகும் காலம், 30 நாள். ரசீது தேதிகளை வைத்துப் பார்த்தால் உண்மையில் 47 நாள் ஆகிறது. சிஸ்டம் தவறாமல் பதினேழு நாள் தாமதமாக ஆர்டர் போட்டிருக்கிறது, லைன் நிற்கப்போகிறது என்றதும் யாரோ விமானத்துக்கு ஓடியிருக்கிறார்கள். சப்ளையரை மாற்றியபோது பழையவருடைய எண்ணையே அப்படியே விட்டுவிட்டார்களாம். திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து அந்த மூடி கப்பலில்தான் வருகிறது.

சரி, இப்போது மற்ற பாகங்களையும் இப்படிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதிப் பாகங்களுக்கு எடைக் கட்டம் காலி. மீதியில் பலவற்றுக்கு 1 கிலோ என்று இருக்கிறது. காலியாக விட்டால் சிஸ்டம் சேமிக்க விடாது என்று யாரோ தட்டிவைத்த 1.