என் நாளை நான்தான் முடிவு செய்வேன்

புற்றுநோய்க்குக் கீமோ என்னும் மருந்துச் சிகிச்சை பெற்றுவரும் நான் அண்மையில் ஒரு கூட்டத்துக்கு வந்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் எண்ணம் எனக்கில்லை. ஆனால், "கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் வீட்டில் படுத்திருக்க வேண்டாமா, இங்கே என்ன வேலை?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்கப்பட்டபோது வாயடைத்து நின்றுவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன். எனக்கு என்ன மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த மருந்துக்கு நடுவே என் நாளை எப்படிக் கழிப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்கிற எனக்கு எல்லா நாளும் ஒன்றுபோல் விடிவதில்லை. முதல் ஓரிரு இரவுகள் ஸ்டீராய்டு மாத்திரை தூங்கவிடாது. அது நின்றதும் உடம்பு துவண்டு விழும். பெரும்பாலும் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது கூட்டத்தில் கலக்கக் கூடாது, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவையெல்லாம் போக எனக்கென்று மிஞ்சுபவை அடுத்த மருந்துக்கு முந்தைய சில நாட்கள்தான். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அப்படி மிஞ்சிய ஒரு நாளில்தான் நான் அங்கே வந்தேன். அதையும் போர்வைக்குள் கழிக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

"அக்கறையில்தானே கேட்டார்" என்பீர்கள். அக்கறை உள்ளவர் தனியே அழைத்து, நிற்க முடிகிறதா, உட்காருகிறாயா என்று கேட்டிருப்பார். "ஓய்வெடுத்தால்தானே தேறும்" என்பீர்கள். இந்தச் சிகிச்சை தரும் களைப்பு படுத்து எழுந்தால் தீர்கிற களைப்பு அல்ல. உடம்பு இடம்கொடுக்கும் அளவுக்கு நடப்பதும் பயிற்சி செய்வதும்தான் அதைக் குறைக்கின்றன. குணமாக்கும் நோக்கத்துடன் சிகிச்சை பெறுபவர்களுக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு காலையில் என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போய், பொத்தான் துளைக்குள் நுழைந்ததா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. அக்கா பதறி எழுந்து வந்தாள். "நானே போட்டுக்கொள்கிறேன், விடு அக்கா" என்றேன். கண்ணாடியைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். போட்டுவிடுவதைவிட அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குக் கடினமாக இருந்திருக்கும். எனக்காக அதையும் செய்தாள்.

இன்னொரு பக்கம், "சிரித்துக்கொண்டே இரு, மனதில் தைரியம் இருந்தால் நோய் ஓடிவிடும்" என்பவர்களும் இருக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2007இல் வெளிவந்த ஆய்வில், அவர்களுடைய மனநலத்துக்கும் அவர்கள் உயிர்வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, அழுகை வருகிற நாளில் அழுவேன். அழுததால்தான் நோய் முற்றியது என்ற பழியை என் தலையில் ஏற்றாதீர்கள். சுமக்க எனக்குத் தெம்பில்லை.

உண்மையில் என்னை நோகடித்தது அந்தக் கேள்விகூட அல்ல. எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் தொலைபேசியில் அழைக்காதவர்கள், அந்தக் கேள்வி எழுந்ததும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் உடல்நிலையைப் பற்றி இவர்களுக்கு அன்று மட்டும் எங்கிருந்து கவலை வந்தது?

"அப்படியானால் நாங்கள் எதுவுமே சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருமுன் இன்று வரலாமா என்று கேளுங்கள். சளியோ இருமலோ இருந்தால் அன்று வராதீர்கள். வந்தால் நோயைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். உங்கள் அலுவலகச் சண்டையைக்கூட ஆசையாகக் கேட்பேன். களைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போய், இன்னொரு நாள் வாருங்கள்.