தோட்டம் வாங்க மார்கழியில் போகாதீர்கள்

டவுனை விட்டுத் தள்ளி, உள்ளடங்கின ஊரில் ரெண்டு ஏக்கர் வாங்கி வீடு கட்டிப் போய்விட வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புரோக்கர்கள் நிலம் காட்டக் கூட்டிப்போவது கார்த்திகை, மார்கழியில். வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த கையோடு போனால் கடவூர், குஜிலியம்பாறைப் பக்கம்கூடப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். அதே நிலத்தைச் சித்திரைக் கடைசியில், மத்தியானம் 2 மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் மனசுக்குப் பிடித்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

நான் சொல்வது திண்டுக்கல், கரூர், தருமபுரி மாவட்டங்களின் வானம் பார்த்த புஞ்சைக் காடுகளைப் பற்றி. டெல்டாவுக்குக் கணக்கு வேறு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம், அதில் பொய் இல்லை. கான்கிரீட் இல்லாததால் வெயில் தாழ்ந்ததும் சூடு சீக்கிரம் இறங்கும். ராத்திரி நிஜமாகவே இருட்டாக இருக்கும். கடவூர், அய்யலூர் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022ல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். ராத்திரியில் இரை தேடும் பிராணி இன்னும் பிழைத்துக் கிடக்கும் பக்கம் அது. பிரஷர், சுகர் மாத்திரையை 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வயசானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் ஆரம்பிப்பது ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவில். ஊர் நத்தத்தில், அதாவது ஊருக்குள் குடியிருப்புக்கான இடத்தில், வீடு இருந்தால் பஞ்சாயத்துக் குழாய் வரும், தெருவிளக்கு எரியும். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆனால் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் வீடு கட்டுகிறவருக்கு அந்தக் குழாய் பெரும்பாலும் வராது. அவருக்குப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறுதான் கதி.

"போர்ல ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்குங்க" என்பார்கள். தண்ணீர் ஊற்றுகிற அளவைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். எந்த மாசம் பார்த்த ரெண்டு இஞ்ச் என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன், வைகாசியில் மோட்டாரைப் போட்டு விடாமல் மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். முதல் அரை மணி நேரம் எல்லாப் போரும் நன்றாகத்தான் ஊற்றும், அது போருக்குள் தேங்கி நிற்கிற தண்ணீர். அதற்குப் பிறகு காற்றும் தண்ணியுமாக விட்டு விட்டுத் துப்பினால் பாறை இடுக்கில் ஊற்று இல்லை என்று அர்த்தம். இந்தப் பக்கத்துப் பூமி கடினப் பாறை. பத்தடி தள்ளிப் போட்ட போரில் தண்ணீர் இருக்கும், உங்களுடையதில் புகைதான் வரும். 700 அடிக்குப் போய்விட்ட போரிலிருந்து 1 எச்.பி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றாது. ஆழம் கூடக் கூட மோட்டாரும் பெரிதாகும், அது பழுதானால் மேலே தூக்குவதற்கு வண்டிக்கூலியும் கூடும்.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குடிக்கலாமா என்றும் பார்க்க வேண்டும். மோட்டார் பத்து நிமிஷம் ஓடின பிறகு சுத்தமான கேனில் ரெண்டு லிட்டர் பிடித்து, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இந்த ஃப்ளோரைடுக்காகத்தான். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும்.

அடுத்தது கரண்ட். தோட்டத்தில் ஏற்கனவே இலவச விவசாய சர்வீஸ் இருக்கிறதே, அதிலிருந்து வீட்டுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், பிடித்தால் அபராதம். வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லைன் கடைசியில் இருக்கும் வீட்டில், பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 கூட வராது. வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதிக ஆம்ப்ஸ் இழுத்துச் சூடேறும், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகும். நிலம் பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோய், மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் பக்கத்து வீட்டில் கேட்டுச் சொருகிப் பாருங்கள். மழை, காற்று என்றால் லைன் போய் மறுநாள்தான் வரும். இன்வெர்ட்டரோடு 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் ரெண்டு, நாலு எல்.இ.டி. பல்பு, ரவுட்டர் எல்லாம் 8 மணி நேரம் தாங்கும். பழைய 75 வாட் ஃபேன் போட்டால் 5 மணி நேரத்தில் படுத்துவிடும்.

தடம் விஷயத்தில்தான் படித்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும். வீட்டுக்குப் போகிற வழி மட்டும் பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தில் இருக்கும். "காலங்காலமா இதுலதான் போறோம்" என்பது அவர் இருக்கிற வரைக்கும் செல்லும். அவர் விற்றுவிட்டால் புதிதாக வந்தவர் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டுவிடுவார். 20 வருஷம் தடையில்லாமல் நடந்த வழிக்குச் சட்டப்படி உரிமை கோரலாம்தான், ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியது நீங்கள். பத்திரத்தில் தட பாத்தியம், அதாவது வழியில் போய்வரும் உரிமை, எந்த சர்வே எண்ணில், எத்தனை அடி அகலம் என்று எழுதியிருக்க வேண்டும். புலப்படத்தோடு (நிலத்தின் சர்வே வரைபடம்) ஒத்துப்பார்க்க வேண்டும். 12 அடிக்குக் குறைந்தால் போர் வண்டி உள்ளே வராது. செப்டிக் டேங்க் லாரியும் அப்படித்தான். (கக்கூஸுக்கு ரெண்டு உறைக்குழி மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி கட்டிவிட்டால் அந்த லாரியே வேண்டாம். குழிக்கும் போருக்கும் 50 அடி இடைவெளி விடுங்கள்.) வழி ஓடைக்குள் போகிறதா என்பதையும் பாருங்கள், ஐப்பசியில் நாலு நாள் தீவு ஆகிவிடும்.

பாம்பு பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் கட்டுவிரியனைப் பற்றித் தெரியாமல் தோட்டத்து வீட்டில் படுக்கக் கூடாது. ராத்திரி வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் தடமே தெரியாமல் போகலாம். விடியக்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், வாய்வு என்று சோடா கொடுப்பார்கள். பிறகு கண் இமை தானாக இறங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. கடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, இமை இறங்கும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும். கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்தோடு வென்டிலேட்டரும் தேவைப்படலாம். அதனால் கேட்க வேண்டியது பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதோடு நிற்காது. ராத்திரி 2 மணிக்கு இந்த ரெண்டும் இருக்கிற ஜி.எச். (அரசு ஆஸ்பத்திரி) எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். என் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அந்த நிலம் வேண்டாம். கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும்.

காய்கறி மலிவு என்பது பாதிதான் உண்மை. முருங்கை சீசனில் சும்மா கொடுப்பார்கள்; மற்ற நாளில் ஒட்டன்சத்திரம் மொத்த மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்த காயைத்தான் வாரச்சந்தையில் வாங்க வேண்டும். நெட்டுக்கு, நிலத்தில் நின்று ரெண்டு கம்பெனி சிம்மிலும் வீடியோ கால் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக மனுஷர்கள். "நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க" என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வரும். பதிலைப் பொறுத்து வீடு கிடைப்பதும், கூலியாள் வருவதும், தடத்தில் வண்டி விடுவதும் மாறும். கிராமத்து அமைதி எல்லா சாதிக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. இதை எழுதாமல் கிராமத்தைப் புகழ்வது அயோக்கியத்தனம். மற்றபடி ஊரில் சாவு விழுந்தால் போய் நிற்க வேண்டும், கோயில் வரி கொடுக்க வேண்டும், மொய் நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி உங்களை ஜி.எச்.சுக்கு ஏற்றிக்கொண்டு போகப்போவது அவர்கள் வண்டிதான்.

வாங்குவதற்கு முன் அதே ஊரில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. மாசியில் போய் அடுத்த மாசி வரைக்கும் இருங்கள். கோடை முதலில் வந்துவிடும், பிடிக்காவிட்டால் வைகாசியிலேயே தெரிந்துவிடும்.