நாற்பதை எண்ணுகிறோம், ஐம்பதை மறந்துவிடுகிறோம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் 40 நாளை நாம் விரல்விட்டு எண்ணுகிறோம். சாம்பல் புதன், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, வீட்டில் கறி கிடையாது. பெரிய வெள்ளியன்று கோயிலில் நிற்க இடமிருக்காது. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலைப் பூசைக்குப் போய்ப் பாருங்கள், முன்வரிசை பெஞ்சுகூட நிறைந்திருக்காது.

உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் தொடங்கி, தூய ஆவி இறங்கி வந்த பெந்தகோஸ்து திருநாள் வரை பாஸ்கா காலம் 50 நாள். தவத்துக்குத் தந்ததைவிட மகிழ்ச்சிக்குப் பத்து நாள் கூடுதலாகவே தந்திருக்கிறது திருச்சபை. அதுவும் நம் சேலத்தில் மாம்பழ சீசனில்! ஊரே ஏற்காட்டுக்கு வண்டி ஏறும்போது நாம் மட்டும் தவக்கால முகத்தைக் கழற்றாமல் இருக்கிறோம். ஈஸ்டரே வராத தவக்காலமாக வாழும் கிறிஸ்தவர்களைப் பற்றி போப் பிரான்சிஸ் 2013-லேயே 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில் எழுதினார்.

பாவ உணர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாவம் என்ற பேச்சையே எடுக்காமல் கைதட்டிப் பாடி அனுப்பிவிடும் தியானக் கூட்டங்களும் எனக்கு ஒட்டுவதில்லை. மீட்பர் வந்தார் என்றால் எதிலிருந்து மீட்க வந்தார்? விவிலியத்தின் 51-ஆம் திருப்பாடலில் தன் பாவத்தை நினைத்துக் கதறுகிறவர்தான், மீட்பின் மகிழ்ச்சியைத் திருப்பித் தாரும் என்றும் கேட்கிறார். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

என் வருத்தம் வேறு. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்து, மன்னிப்பும் பெற்று வந்த பிறகும் அதே பாவத்தை மென்றுகொண்டிருக்கிறோம். சரியாகச் சொன்னேனா, ஏதாவது விட்டுப்போச்சா என்று மறுவாரமும் போய் நிற்கிறோம். அதைத் தாழ்ச்சி என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரே 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதில் மாட்டிக்கொண்டு, உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்குப் போனவர். ஒருமுறை அறிக்கையிட்ட பழைய பாவங்களை இனி மறுபடி சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் அவருக்கு அமைதி வந்தது.

சொத்தை வாங்கிப் போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பும் ஊதாரி மைந்தன் கதையை லூக்கா நற்செய்தி 15-இல் நிதானமாக வாசியுங்கள். அவன் வழியிலேயே பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும். முதல் இரண்டையும் அப்பா கேட்டுக்கொள்கிறார். மூன்றாவது அவன் வாயிலிருந்து வருவதற்குள் நல்ல ஆடைக்கும் மோதிரத்துக்கும் ஆள் அனுப்பிவிடுகிறார். நம்மில் பலர் விருந்து நடக்கும்போதும் கொல்லைப்புறத்தில் நின்று அந்த மூன்றாவது வரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஈஸ்டர் முதல் எட்டு நாளும் பெருவிழாக்கள், அதாவது திருச்சபையின் மிக உயர்ந்த தர விழாக்கள். பெருவிழா வெள்ளியில் வந்தால் புலால் தவிர்க்க வேண்டியதில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அதை நம்பி அந்த வெள்ளியில் நான் ஆட்டுக்கறி வாங்கி வந்தேன். "வெள்ளிக்கிழமை அதுவுமா கறியா, கண்ணு?" என்று அம்மாயி அடுப்படிப் பக்கமே வரவில்லை. சட்டம் எண் 1251 என்று எடுத்துக் காட்டினேன். சாமியார் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ரசம் சோறு போட்டுக்கொண்டார்.

சாமியார்களே, அடுத்த ஈஸ்டர் ஞாயிறு பிரசங்கத்தில் இதைக் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.