கட்டில் கால் துண்டில் பேனா

மேஜை, நாற்காலி செய்கிற ஒருவர் மரம் கடையவும் மரத்தில் பேனா செய்யவும் வந்த கதையை ஒரு கட்டுரையில் படித்ததும் என் பட்டறையே நினைவுக்கு வந்தது. நானும் தச்சுவேலைக்காரன்தான். கட்டில் கால்களை வெளியே கடையக் கொடுத்து அலுத்துப்போய், மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் சின்ன லேத் ஒன்று வாங்கினேன். மிஞ்சிய தேக்கு, ஈட்டித் துண்டுகளில்தான் முதல் பேனா.

'மரவேலை தெரிந்தால் இது சுலபம்' என்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இழைப்புளியில் மரம் அசையாது, கை நகரும். லேத்தில் மரம் சுற்றுகிறது. உளியின் சரிவுப் பக்கம் மரத்தில் படிந்த பிறகுதான் முனை வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் உளி மரத்தில் ஒரே கவ்வாகக் கவ்வும், துண்டு தெறித்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகத்தடுப்பும் இல்லாமல் நிற்காதீர்கள்.

துளை போடுவதில்தான் நான் நிறைய மரம் வீணாக்கினேன். மெல்லிய பேனாவில் மரத்துக்குள்ளே போகும் பித்தளைக் குழாய்க்கு 7 மி.மீ. துளை. ஒரே மூச்சில் இறக்கினால் சூடேறி மரம் பிளக்கும். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

அப்புறம் உப்புத்தாள். சுற்றும்போது தேய்ப்பது ரேகைக்குக் குறுக்கே போகும், வளையம் வளையமாகக் கீறல் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒருமுறை தேய்த்தால் போய்விடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. மேல்பூச்சாகச் சூப்பர் குளூ பூசுமுன் அசிட்டோனில் துடைக்காவிட்டால் பூச்சு உரியும். என் முதல் பேனா அப்படித்தான் உரிந்தது. இன்னும் அதில்தான் மரக்கணக்கு எழுதுகிறேன்.