திருகோணமலை என்றால் துறைமுகம் மட்டும்தானா?

நேற்றைய இணையவழிக் கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கொதித்துப்போய் இருக்கிறேன் என்று தெரியும். நான்கு ஆய்வாளர்கள், இரண்டு மணித்தியாலம், பொருள் திருகோணமலை. திருகோணமலையில் இருந்து ஒருவர்கூட இல்லை! நான் கேள்வி கேட்கக் கையை உயர்த்தினால் நேரம் முடிந்துவிட்டதாம்.

தெற்கில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா 99 வருடக் குத்தகைக்கு எடுத்துவிட்டது, ஆகவே திருகோணமலை இந்தியாவுக்குத்தான் போகவேண்டும் என்றார் ஒருவர். போகவேண்டுமாம். நாங்கள் என்ன, அடகுகடையில் கிடக்கிற சங்கிலியா? எங்களிடம் யார் கேட்டது?

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே எங்கள் எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) இருக்கின்றன. 2022 ஜனவரியில் திரும்பவும் பங்குபிரிப்பு: 14 குதங்கள் இந்தியக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதே வருடம்தான் பெற்றோலுக்கு வரிசையில் நின்று காய்ந்தோம். அந்தக் குதங்கள் இருக்கிற சீனன்குடா எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேந்திர முக்கியத்துவம் என்பது இதுதான் போல.

"அப்போ அபிவிருத்தி வேண்டாமா?" என்று வருவீர்கள். வேண்டும் ஐயா, வேலையும் வேண்டும். எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். "நீ சீனாவின் ஆளா?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல மனமில்லை.

என் பெரியம்மாவின் ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 இல் போருக்குள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவ, கிளிவெட்டி அகதி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காக இருந்தவ. அவ அங்கே இருக்கும்போதே ஊரில் இந்திய அனல்மின் நிலையத்துக்குக் காணி ஒதுக்கினார்கள். முதலீட்டு வலயத்துக்கு வேறு 818 ஏக்கர். 2016 இல் நிலக்கரித் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரியமின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். சரி, நிலக்கரியை விட வெயில் எவ்வளவோ மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மா திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். கிணற்றடித் தென்னைகளைப் பற்றி எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது?

சின்ன நாட்டுக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். 1942 இல் பிரித்தானியரின் தளத்துக்கு ஜப்பான்காரன் குண்டு போட்டபோதும் யாரும் ஊர்ச்சனத்திடம் கேட்டுவிட்டா போட்டான்? ஆனால் நேற்றுப் பேசியவர்களில் மூன்று பேர் தமிழர். அதுதான் கூட நோகிறது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை மட்டும் பார்த்தான் என்றால் விளங்குகிறது, நீங்களுமா?

"பூகோள அரசியல் தெரியாமல் உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று உட்பெட்டியில் எழுதிய நண்பரே, ஒருநாள் சம்பூருக்கு வாருங்கள். அதைப் பெரியம்மாவுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கள். பஸ் காசு நான் தருகிறேன்.