"இந்த ஊர்ல அது போகாதுங்க"

எங்கள் சின்ன ஊர்க் கடையில் போன வாரமும் இதே பதில்தான். ஓடுவதற்கு ஒரு ஷூ கேட்டேன், 11-ஆம் நம்பர். "9 வரைக்கும்தான் வரும். இந்த ஊர்ல 11 போகாதுங்க." எப்படிப் போகும்? வாங்கி வைத்தால்தானே போகும்!

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பில் போடும் மெஷினுக்கு, வாங்கியவனை மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் எங்கேயும் பதிவாவதில்லை. மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு 11-க்கு நேராகப் பூஜ்யம் தெரியும். அடுத்த லோடிலும் அனுப்ப மாட்டார். நான் பஸ் ஏறிப் பெரிய ஊரில் வாங்குவேன். அந்த விற்பனை அந்த ஊர்க் கணக்கில் ஏறும். கடைசியில் என்ன முடிவு கட்டுவார்கள்? சின்ன ஊர்க்காரர்களுக்கு விலை ஒன்றுதான் குறி, மலிவானதை அனுப்பினால் போதும்!

விலை பார்க்கிறோம், ஆமாம். யார்தான் பார்க்கவில்லை? ஆனால் பொருள் பழுதானால் சர்வீஸ் சென்டர் பெரிய ஊரில் இருக்கிறது. போக ஒரு நாள், வாங்கி வர ஒரு நாள். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் விலை போடுகிறோம். அதனால்தான் ஏற்கெனவே வாங்கினவரிடம் விசாரிக்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், வாரண்டியைப் பற்றி நாலு தடவை கேட்கிறோம். நாளைக்கும் தெருவில் எதிரே வரப்போகிற கடைக்காரரிடம் பத்து ரூபாய் கூடக் கொடுத்தும் வாங்குகிறோம். இதற்குப் பெயர் கஞ்சத்தனமா?

சும்மா பார்க்கப் போனாலும் நிம்மதி கிடையாது. உள்ளே கால் வைத்ததும் ஒருவர் பின்னாலேயே வருவார். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் முகம் சுளிப்பார். மனிதர்கள் கடைக்குப் போவது வாங்க மட்டுமில்லை; நடக்க, நாலு பேரைப் பார்க்க, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான் என்று சந்தை ஆய்வாளர் எட்வர்ட் டாபர் 1972-லேயே எழுதிவிட்டார். சின்ன ஊரில் இருந்தால் மட்டும் அந்த ஆசையெல்லாம் இருக்காதா?

1931-ல் வில்லியம் ரெய்லி என்கிற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஒரு விதி சொன்னார்: மக்கள்தொகை கூடக்கூட ஒரு நகரம் வாடிக்கையாளரை அதிகமாக இழுக்கும், தூரம் கூடக்கூட அந்த இழுப்பு வேகமாகக் குறையும். விதி இருக்கட்டும். என்னை யாரும் இழுக்கவில்லை, என் ஊர்க் கடைதான் வெளியே தள்ளியது. சாம் வால்டன் 1962-ல் முதல் வால்மார்ட்டைத் திறந்தது அமெரிக்காவில் ரோஜர்ஸ் என்கிற சின்ன ஊரில். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காத ஊர்களை நம்பித்தான் அவர் வளர்ந்தார்.

"எல்லாரும் ஆன்லைன்ல வாங்குறாங்க, வியாபாரமே இல்லை" என்று கடைக்காரர்கள் என்னிடமே புலம்புகிறார்கள். போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேனே, ஒரு தடவையாவது கூப்பிட்டீர்களா?

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்டு இல்லையென்று போனவர்கள் என்ன கேட்டார்கள் என்று தினமும் எழுதுங்கள். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கோடு அதையும் மேலே அனுப்புங்கள். முதல் வரியில் என்னுடைய 11-ஐ எழுதுங்கள்.